குதிகால் தூக்கட்டும்: 67 வயது கோல்ஃப் ஆட்டக்காரரின் முதுகுவலி, ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வரும் அறுபதைத் தாண்டிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கீழ்முதுகு வலியோடுதான் வருகிறார்கள், வரும்போதே கையில் ஒரு எம்ஆர்ஐ இருக்கும், மனதில் "இனிமேல் ஆடவே முடியாதோ" என்ற பயம் இருக்கும். அப்படி வந்த ஒருவரின் கதை இது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், கிளப், மருத்துவமனை எதையும் சொல்லப் போவதில்லை.

பின்னணி

67 வயது, வலது கைக்காரர். ஜவுளி ஆலை நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் பழகினார், ஆனால் பழகியபின் விடவில்லை: வாரத்தில் மூன்று காலை, வண்டி இல்லாமல் நடந்தே 18 குழி, அதாவது முழு ஆட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார், இரண்டும் கட்டுக்குள் இருந்தன. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு, எண் குறைவாக இருந்தால் நல்லது) ஒரு காலத்தில் 16, என்னிடம் வந்தபோது 22.

பிரச்சினை வலியில் ஆரம்பிக்கவில்லை, தூரத்தில் ஆரம்பித்தது. டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கும் கிளப்பில் (மட்டையில்), 200 கஜம் போய்க்கொண்டிருந்த பந்து 170க்கு இறங்கிவிட்டது. கூட ஆடுகிறவர்கள் அவரைத் தாண்டி அடிக்க ஆரம்பித்ததும் ஒரு கோச்சிடம் போனார். கோச் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் அசைவைப் படம் பிடித்துக் காட்டி, பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும்போது) இடது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, இடுப்பு ரொம்பத் திரும்புகிறது, இரண்டையும் நிறுத்துங்கள் என்றார். இடுப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் முழுசாகத் திருப்பினால் நடுவில் ஒரு முறுக்கு ஏறும், அந்த முறுக்கு அவிழும் வேகத்தில் பந்து தூரம் போகும் என்பது கணக்கு. முப்பது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு சரியாக வரலாம். அதனால் கோச்சைக் குறை சொல்ல மாட்டேன்.

நம்மவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். இரண்டு மாதம் விடாமல் இடது குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடித்தே பயிற்சி செய்தார், ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) ஒரு கூடைப் பந்தை இடைவெளி விடாமல் அடித்துத் தீர்ப்பார். பந்து பத்து கஜம் கூடப் போனது, சந்தோஷம். மூன்றாவது மாதம் வலது கீழ்முதுகில் ஒரு பிடிப்பு. முதலில் ஆட்டம் முடிந்தபின், அப்புறம் பத்தாவது குழியிலேயே, கடைசியில் காலையில் செருப்பு மாட்டக் குனியும்போதும்.

எலும்பு மருத்துவரிடம் போனார், எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ்முதுகு வட்டுகளில் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்) தேய்மானம், சிறு மூட்டுகளிலும் தேய்மானம் என்று வந்தது. "இந்த வயசுக்கு மேல கோல்ஃபை விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த "விட்டுடுங்க"வை என்னால் லேசில் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. வலியே இல்லாத அறுபது வயதுக்காரர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரியும். நரை மாதிரி அதுவும் வயதோடு வருவதுதான், படத்தில் இருப்பதால் மட்டும் வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகாது. சர்க்கரை உள்ள ஒரு மனிதர் வாரம் மூன்று நாள், நாளுக்கு எட்டு கிலோமீட்டர் அளவுக்கு சந்தோஷமாக நடக்கிறார், அதை நிறுத்தச் சொல்வதென்றால் அதற்கு நல்ல காரணம் வேண்டும்.

முதல் நாள் பார்த்தது

முதலில் ஆபத்தான காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், சிறுநீர் மலம் அடக்குவதில் சிரமம், காலில் பலவீனம், பழைய புற்றுநோய். எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகும் வகையும் இல்லை. படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கினால் வலி காலுக்கு இறங்கவில்லை. நிற்க வைத்து, பின்னால் சாய்ந்து வலப்பக்கம் திரும்பச் சொன்னபோதுதான் "இதேதாங்க, இந்த இடம்தான்" என்று விரலை வைத்துக் காட்டினார்.

அந்த இடம் எனக்குப் புதிதில்லை. வலது கைக்காரர் பந்தை அடிக்கும் நொடியில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இடப்பக்கம் வேகமாகத் திரும்புகிறது. சாய்வும் திருப்பமும் சேர்ந்து நசுக்குவது வலது கீழ்முதுகின் சிறு மூட்டுகளைத்தான்.

மொபிலிட்டியை, அதாவது மூட்டுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "தம்பி, நான் இருபது வருஷமா யோகா பண்றவன். கல்யாணப் பந்தியில சம்மணம் போட்டுச் சாப்பிட்டுட்டு, கை ஊனாம எந்திரிப்பேன். எனக்கு இடுப்புல என்ன குறைங்க?" என்றார். பத்மாசனமே போட்டுக் காட்டினார். உண்மையிலேயே அழகாக உட்கார்ந்தார்.

இங்கேதான் பலரும் தவறான முடிவுக்குப் போகிறார்கள். சம்மணத்துக்கும் பத்மாசனத்துக்கும் தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். கோல்ஃப் ஸ்விங் கேட்பது அதற்கு நேர் எதிரான உட்சுழற்சி. பேக்ஸ்விங்கில் வலது இடுப்பு மூட்டிலும், பந்தை அடித்துத் திரும்பி முடிக்கும்போது இடது இடுப்பு மூட்டிலும் அது வேண்டும். நம் ஊரில் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு வெளிச்சுழற்சி எழுபது வயதிலும் இருக்கும், உட்சுழற்சி எப்போது போனதென்று அவர்களுக்கே தெரியாது. அன்றாட வேலை எதற்கும் அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அளந்ததும், கேடி சொன்னதும்

நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து உட்கார வைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கம்பைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பு அசையாமல் மேலுடம்பை மட்டும் திருப்பச் சொன்னேன். வலப்பக்கம் 30 பாகை, இடப்பக்கம் 38. நன்றாக இருப்பவர்களுக்கு 45க்கு மேல் வரும். இடுப்பு மூட்டின் உட்சுழற்சி வலப்பக்கம் 22 பாகை, இடப்பக்கம் வெறும் 12. சாதாரணமாக 30க்கு மேல் எதிர்பார்ப்போம்.

எண்ணை விட முக்கியமாக நான் பார்த்தது அந்த எல்லை கைக்கு எப்படித் தெரிகிறது என்பதை. வலது காலை எல்லை வரை கொண்டுபோனால் ரப்பரை இழுப்பதுபோல் கொஞ்சம் இடம் கொடுத்தது. இடது காலில் அப்படி இல்லை, சட்டென்று முட்டி நின்றது, எலும்பில் எலும்பு படுகிற உணர்வு. எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டில் ஆரம்ப நிலைத் தேய்மானமும் தெரிந்தது. முதுகுக்கு மட்டுமே படம் எடுத்திருந்ததால் அதுவரை யாரும் இந்த மூட்டைப் பார்த்திருக்கவில்லை.

கைகூப்பி வணக்கம் சொல்லச் சொன்னேன். உள்ளங்கைகள் சேர்ந்தன, ஆனால் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, விரல்கள் தட்டையாக ஒட்டவில்லை. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டைச் சுற்றிய திசு இறுகுவதன் அடையாளம் இது. இந்தக் கையோடு மெல்லிய பிடியுள்ள கிளப்பை இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் முழங்கை, தோள் வரைக்கும் ஏறும். பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருந்தது, அது நிம்மதி. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் வலது காலில் பதினைந்து நொடி, இடது காலில் ஆறு நொடியில் கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

அடுத்த வாரம் அவர் ஆடும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். பல வருடமாக அவருக்குப் பை சுமக்கும் கேடி, ஐம்பதை நெருங்கும் மனிதர், நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "சார் முன்னெல்லாம் கிரீன்ல (குழியைச் சுற்றிய புல்தரை) குத்தவெச்சு உட்கார்ந்து லைன் (பந்து உருளும் பாதை) பார்ப்பாருங்க. இப்ப ஒரு வருசமா குனியறதே இல்லை. குழியில இருந்து பந்தை எடுக்கறப்பவும் இடது காலைப் பின்னால நீட்டிட்டு, பட்டரை (பந்தை உருட்டும் கிளப்) ஊனிட்டுத்தான் எடுக்கறாருங்க." அதாவது கோச்சிடம் போவதற்கு முன்பிருந்தே இடது இடுப்பு மடங்க மறுத்திருக்கிறது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, மருத்துவர் அறையில் இதெல்லாம் தெரியவும் தெரியாது. கூடவே நடக்கிறவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கதை கோத்து வந்தது. கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்து பாகை திரும்பினாலே பெரிது. திரும்ப வேண்டிய இடங்கள் மேலே நடுமுதுகும் கீழே இடுப்பு மூட்டும்தான். இரண்டும் இறுகியிருக்கும்போது குதிகாலையும் கட்டிப்போட்டால் மிச்சம் இருக்கிற கீழ்முதுகுதான் முறுக்கை வாங்கும். பழைய ஸ்விங்கில் அவர் இடது குதிகாலைத் தூக்கியது கெட்ட பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. இறுகிய உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

முழு ஓய்வு வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தோம். டிரைவரையும் நீண்ட அயர்ன்களையும் (இரும்புத் தலைக் கிளப்புகள்) மட்டும் நிறுத்தினோம். பட்டிங், சிப்பிங் போன்ற சின்ன அடிகள், நடை எல்லாம் தொடர்ந்தன. நண்பர்களோடு காலையில் போவதை நிறுத்தினால் திரும்பி வரும் ஆசையே போய்விடும் என்று எனக்குப் பயம்.

இரண்டாவது முடிவு, எதை மாற்ற முடியும் எதை மாற்ற முடியாது என்று பிரித்துக்கொண்டது. நடுமுதுகும் வலது இடுப்பும் பயிற்சிக்கு இடம் கொடுக்கும். இடது இடுப்பு கொடுக்காது, எலும்பு முட்டுகிற மூட்டை இழுத்து இழுத்து நீட்டினால் வலிதான் கூடும், அங்கே ஸ்விங்கைத்தான் மாற்ற வேண்டும். கீல் இறுகிய கதவை வேகமாகத் தள்ளினால் சட்டம்தான் ஆட்டம் காணும், இவர் முதுகுக்கு நடந்தது அதுதான் என்று அவரிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

பயிற்சிகள் ஆடம்பரமாக ஒன்றும் இல்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கி, மேல் கையைப் புத்தகம் திறப்பதுபோல் பின்னால் திறப்பது. நாற்காலியில் கம்போடு திரும்பி, எல்லையில் மூச்சை வெளியே விடுவது. மல்லாந்து படுத்து, பாதங்களை அகட்டி ஊன்றி, வலது முழங்காலை மட்டும் மெதுவாக உள்ளே சாய்ப்பது. நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், படி ஏறி இறங்குவது. பல் தேய்க்கும் நேரம் ஒற்றைக் காலில், வாஷ்பேசினைத் தொடுகிற தூரத்தில். ரத்த அழுத்தம் இருப்பதால் மூச்சை அடக்கக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன், யோகா பழக்கத்தில் கும்பகம் பிடிக்கப் பார்ப்பார்.

இன்னொன்று காலை நேரம். ஐந்து மணிக்கு எழுந்து, காரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் முதல் டீயில் (முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடம்) டிரைவரை வீசுவார். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகு வளைவதற்கு அதிக அழுத்தம் வாங்கும். அதனால் பத்து நிமிட வார்ம்அப் கட்டாயமானது: வேகமாக ஒரு நடை, காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, கிளப்பைத் தோளுக்குப் பின்னால் வைத்துத் திரும்புவது, வெட்ஜில் (குறுந்தூரக் கிளப்) அரை ஸ்விங் சில.

ரேஞ்சில் கோச்சோடு

ஸ்விங்கை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை, அது கோச்சின் வேலை. அதனால் நேரே போய்ப் பேசினேன். அளந்த எண்களைக் காட்டி, இடது இடுப்பு 12 பாகைதான் திரும்பும் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது தெரிஞ்சிருந்தா நான் குதிகாலைப் பத்திப் பேசியே இருக்க மாட்டேன் சார்" என்றார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அவர் செய்த மாற்றங்கள் மூன்று. பேக்ஸ்விங்கில் இடது குதிகால் எழும்பலாம், இடுப்பு தாராளமாகத் திரும்பலாம். இடது பாதத்தின் முனையை நேராக வைக்காமல் இலக்குப் பக்கம் முப்பது பாகை திருப்பி வைப்பது, அப்போது இடது இடுப்பு உட்சுழற்சியின் எல்லைக்குப் போகும் முன்பே ஸ்விங் முடிந்துவிடும். கடைசியில் முதுகை வில்லாகப் பின்னால் வளைத்து நிற்காமல், எடை முழுவதும் இடது காலில் வந்து நெட்டுக்குத்தாக நிற்பது.

நம்மவருக்குத்தான் தயக்கம், குதிகால் தூக்குவது கத்துக்குட்டி வேலை என்று மனதில் பதிந்துவிட்டது. புகழ்பெற்ற கோல்ஃப் வீரர்கள் பாபி ஜோன்ஸ், சாம் ஸ்னீட், ஜாக் நிக்லஸ் மூவருமே இடது குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார்கள் என்று கோச் பழைய காணொளிகளைக் காட்டினார். ஸ்னீட் 1965இல் கிரீன்ஸ்பரோ போட்டியை வென்றபோது அவருக்கு 52 வயது. இன்னொரு பெரிய வீரர் டாம் வாட்சன் 2008இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு, அடுத்த வருடமே 59 வயதில் டர்ன்பெரியில் பிரிட்டிஷ் ஓப்பனை வெல்லும் தூரத்துக்கு வந்து, சமநிலைக்குப் பின் நடந்த பிளேஆஃபில்தான் தோற்றார். அந்தக் கதையைக் கேட்டதும் நம்மவர் முகமே மாறிவிட்டது.

கிளப்புகளையும் பார்த்தோம். அயர்ன்களில் எஃகுத் தண்டு, ஒவ்வொன்றும் நூறு கிராமுக்கு மேல். கிராஃபைட் தண்டுக்கு மாறினார், வளைவு கொஞ்சம் அதிகமான சீனியர் வகை. 3, 4 அயர்னுக்குப் பதில் அடிக்கச் சுலபமான ஹைப்ரிட் கிளப். விரல்களுக்காகப் பிடி ஒரு அளவு தடிப்பானது.

பின்பு நடந்தது

முதல் மாதக் கடைசியில் செருப்பு மாட்டும் வலி போயிற்று. இரண்டாவது மாதம் 7 அயர்ன், பத்துப் பந்துக்கு ஒருமுறை உட்கார்ந்து இடைவெளி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கிளப்பில் மாதப் போட்டி வந்தது. சொல்லாமல் போய் 18 குழியும் ஆடினார், கூட ஆடியவர்கள் முன்னால் வெட்கமாக இருந்ததால் குதிகாலைத் தரையில் அழுத்தி டிரைவரை வீசியிருக்கிறார். மறுநாள் வலி பழையபடி, பத்துக்கு ஆறு.

பயந்துபோய் வந்தார். மறுபடி சோதித்தேன், புதிதாக ஒன்றும் இல்லை, கால் நரம்புகள் நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை, ஒரு படி மட்டும் கீழே இறங்குவோம் என்றேன்: பத்து நாள் வரை 9 குழி மட்டும், டிரைவர் இல்லை, முன் டீயில் இருந்து, அதாவது குழிக்குக் கிட்டத்தில் உள்ள தொடக்க இடத்தில் இருந்து. முன் டீ என்றதும் முகம் சுருங்கியது. ஐந்தாவது குழியில் இரண்டாவது அடியிலேயே கிரீனுக்கு வந்ததும் சுருக்கம் போய்விட்டது, பல வருடமாக அந்தக் குழியில் அது நடந்ததில்லையாம். குதிகாலைக் கவனிக்கும் பொறுப்பைக் கேடியிடம் கொடுத்தோம். தரையில் அழுத்தினால் "சார், கால்" என்பார். வேறு எந்த ஏற்பாட்டையும் விட இது நன்றாக வேலை செய்தது.

நான்கு மாதம் முடிந்து அளந்தபோது மேலுடம்பு வலப்பக்கம் 42 பாகை, இடப்பக்கம் 45. வலது இடுப்பு உட்சுழற்சி 30. இடது 14, அதாவது மாற்றமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அளக்கும் கையின் பிழையே அவ்வளவு இருக்கும். இடது காலில் நிற்பது பதினெட்டு நொடி. 18 குழி முடிந்தபின் வலி பத்துக்கு ஒன்று, சில நாள் சுத்தமாக இல்லை. டிரைவர் தூரம் 185 கஜம் வரை வருகிறது, பழைய 200 திரும்பவில்லை, திரும்பும் என்று நான் உறுதி கொடுக்கவும் இல்லை. அதில் எவ்வளவு உடம்பால், எவ்வளவு புதுத் தண்டுகளால் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கோச்சும் பிசியோவும் முதல் வாரத்திலேயே பேச வேண்டும். இங்கே அது நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அந்த நாட்களில் ஆட்டக்காரர் இரண்டு பேர் சொல்வதில் எதைக் கேட்பது என்று குழம்பினார். கேடியிடமும் முதலிலேயே கேட்க வேண்டும்.

அறுபதைத் தாண்டிய ஒருவரின் ஸ்விங்கில் கை வைக்கும் முன் மூன்று அளவுகள் போதும்: மேலுடம்பின் திருப்பம், இரண்டு இடுப்பு மூட்டின் உட்சுழற்சி, ஒற்றைக் காலில் நிற்கும் நேரம். ஒரு நாற்காலியும் ஒரு கம்பும் இருந்தால் பத்து நிமிட வேலை, ரேஞ்சிலேயே செய்துவிடலாம். சம்மணம் போட முடிகிறதா என்பதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

போட்டித் தேதிகளைத் திட்டம் போடும்போதே காலண்டரில் குறித்து, அன்றைக்கு எத்தனை குழி, எந்த டீ, எந்தக் கிளப் என்று முன்பே பேசிவைக்க வேண்டும். போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

இடது இடுப்பு மூட்டு இனி கண்காணிப்பில் இருக்கிறது. வருடம் ஒருமுறை அளக்கிறோம். தொடை இடுக்கில் வலி, இரவில் வலி, நடக்கும்போது நொண்டல், இவற்றில் ஒன்று வந்தாலும் மூட்டு அறுவை மருத்துவரைப் பார்ப்பதென்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். இப்போதைக்கு வாரம் இரண்டு நாள் 18 குழி, ஒரு நாள் 9 குழி, முன் டீயில் இருந்து ஆடுகிறார்.